கோடை மாதங்களை யார் தலையில் கட்டுவது? கர்நாடகத்தின் மினி ஹைடல் – ஒரு நிகழ்வு ஆய்வு

சிறு புனல் மின்சாரம் என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பெரிய அணை இல்லை, ஊர் மூழ்காது, புகை இல்லை, ஆற்றில் ஓடுகிற தண்ணீரைக் கொஞ்சம் கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் பெங்களூருவில் உட்கார்ந்து மின்சார ஒப்பந்தங்களைப் படிக்கிற வேலையில் இருப்பதால் எனக்கு வேறொன்றும் கண்ணில் படுகிறது. நூறு வருடத்துக்கும் மேலாக இந்தத் தொழிலில் நடந்த சண்டைகளைத் தோண்டினால் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது. மழை நின்ற பிறகு வரும் மாதங்களின் சுமை யார் தலையில்? விலை, சட்டம், நீதிமன்றம், மீன், யானை என்று மற்றதெல்லாம் அதன் மேல் ஏறிய அடுக்குகள்.

முதலில் களம். இந்தியாவில் சிறு புனல் நிலையங்களின் மொத்தத் திறன் 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, அதில் ஏறத்தாழ 1,280 மெகாவாட் கர்நாடகத்தில், நாட்டிலேயே முதலிடம். ஹிமாசலமும் உத்தராகண்டும் இல்லை, கர்நாடகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற தென்மேற்குப் பருவமழை, மலையிலிருந்து சட்டென்று இறங்கும் ஓடைகள், அந்தப் பக்கம் காவிரி, துங்கபத்ரா, கிருஷ்ணா, அவற்றின் கால்வாய்கள். கூடவே சீக்கிரமே விழித்துக்கொண்ட ஒரு மாநில அரசு: புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்று தனி நிறுவனமே 1996-ல் வந்துவிட்டது. கிரெடல் என்றால் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே சிறியது எது என்பதற்கு ஒரே அளவுகோல், 25 மெகாவாட். 1989-ல் மத்திய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறை 3 மெகாவாட் வரைதான் கவனித்தது. 1999-ல் அந்த வரம்பை 25-ஆக உயர்த்தினார்கள். அதற்குள் 100 கிலோவாட் வரை மைக்ரோ, 2 மெகாவாட் வரை மினி, அதற்கு மேல் ஸ்மால் என்று உட்பிரிவுகள் உண்டு. பேச்சு வழக்கில் எல்லாமே மினி ஹைடல்தான். 25-க்குக் கீழே இருந்தால் பட்டியலில் புதுப்பிக்கத்தக்கது, மானியம் உண்டு, தனி விலை உண்டு. இவற்றைவிடப் பெரிய சலுகை 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இருக்கிறது. அதன்படி புனல் மின் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவைப்படுவது 25 மெகாவாட்டிலிருந்துதான். கீழே உள்ளவை அந்த மேஜைக்கே வர வேண்டாம். 24.75 மெகாவாட் என்ற எண் கர்நாடகத்தின் திட்டப் பட்டியல்களில் அடிக்கடி தென்படுவதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இப்போது 1902-க்குப் போவோம், ஏனென்றால் இந்தக் கதையின் கரு அங்கேதான் இருக்கிறது. காவிரியில் சிவனசமுத்திரம். மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் (பாலக்காட்டுத் தமிழர்) ஊக்கம் கொடுத்து நடத்திய திட்டம். அது ஓடத் தொடங்குவதற்கு முன்பே 1901-ல் அவர் இறந்துபோனார். தலா 720 கிலோவாட் வீதம் ஆறு இயந்திரங்கள், கூட்டினால் 4.3 மெகாவாட். இன்றைய கணக்கில் அது கச்சிதமான சிறு புனல் நிலையம். அங்கிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902 ஜூனில் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய்ச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய சுரங்கங்களில் இயந்திரங்களை ஓட்டியது காவிரித் தண்ணீர்தான். பெங்களூருவின் தெருவிளக்கு அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905-ல். முதலில் தங்கம், அப்புறம்தான் ஊர். அந்த வரிசை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை என்பது என் எண்ணம், அது போகட்டும்.

சிவனசமுத்திரத்தில் தண்ணீரைத் தேக்க வழி இல்லை. ஆற்றில் வருவதை வாய்க்காலில் திருப்பி, குழாயில் இறக்கி, டர்பைனைச் சுற்றவைத்து மறுபடி ஆற்றில் விட வேண்டும். ஆனால் சுரங்கத்துக்குக் கோடை கிடையாது. பம்பு ஒரு நாள் நின்றால் கீழே தண்ணீர் ஏறிவிடும், ஆட்கள் உள்ளே இருப்பார்கள். வருடம் முழுக்க ஒரே அளவு மின்சாரம் வேண்டுமென்றால் வருடம் முழுக்க ஒரே அளவு தண்ணீர் வேண்டும். அதற்கு மேலே எங்காவது தேக்கியாக வேண்டும். 1911-ல் கண்ணம்பாடியில் அணை வேலை தொடங்கியதற்குப் பாசனத்தோடு சேர்ந்த முக்கியக் காரணம் இதுதான்: சிவனசமுத்திரத்துக்குக் குறையாத நீரோட்டம். சென்னை மாகாணம் எதிர்த்தது, 1914-ல் நடுவர் தீர்ப்பு வந்தது, அதன் மேலும் முறையீடு, கடைசியில் 1924 ஒப்பந்தம். அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவிரிப் பிரச்சினைக்கு மின்சாரம்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஒரு சிறு நிலையத்தின் கோடைப் பற்றாக்குறையை மேலே கட்டிய ஒரு பெரிய அணையின் மீது ஏற்றினார்கள், அந்த அணையின் கணக்கு கீழே தஞ்சாவூர் வரை போய் நின்றது, இவ்வளவும் ஆவணத்தில் உள்ளது.

(இடையில் ஒரு சங்கதி. அதே சிவனசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருந்துதான் இன்று பெங்களூருவுக்குக் குடிநீர் ஏறுகிறது, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரம். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வருவதற்கு முன் நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர். அதைத் தூக்க, இயந்திர இழப்பைச் சேர்க்காமலே 80 மெகாவாட்டுக்கு மேல் வேண்டும், கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிவனசமுத்திரம் நிலையத்தின் இன்றைய மொத்தத் திறனே 42 மெகாவாட். காவிரி கீழே விழும்போது கொடுப்பதைப்போல இரண்டு பங்கை மறுபடி மேலே ஏற்றச் செலவழிக்கிறோம்.)

இனி இன்றைய மினி ஹைடல். கணக்கு எளிது: ஒரு வினாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் கீழே விழுந்தால், இழப்புகள் போக ஏறத்தாழ 800 கிலோவாட் கிடைக்கும். ஆற்றின் குறுக்கே தாழ்வான ஒரு தடுப்பணை, அதிலிருந்து மலை ஓரமாக வாய்க்கால், வாய்க்கால் முடிவில் ஒரு தொட்டி, அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் பென்ஸ்டாக் குழாய், கீழே பவர் ஹவுஸ். சேமிப்பு இல்லாததால் இயந்திரத்தின் அளவை மழைக்கால வெள்ளத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ஜூலையில் முழுத் திறனில் ஓடும். டிசம்பரில் பாதி. பிப்ரவரிக்கு மேல் நாள்கணக்கில் சும்மா நிற்கும். அதனால்தான் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கும்போது இமயமலை, வடகிழக்கு மாநிலங்களுக்கு 45 விழுக்காடு, கர்நாடகம் உள்ளிட்ட மற்ற மாநிலங்களுக்கு 30 விழுக்காடு பயன்பாடு என்று எடுத்துக்கொண்டது. ஒரு மெகாவாட்டுக்கு வருடத்தில் 26 லட்சம் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதில் பெரும்பகுதி நான்கைந்து மாதத்தில் வந்து கொட்டிவிடும்.

விலை எப்படிப் போனது என்று பாருங்கள். 1990-களின் நடுவில் மத்திய அரசின் வழிகாட்டுதல்: 1994-95-ல் யூனிட்டுக்கு 2.25 ரூபாய், ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு. அதோடு 2 விழுக்காடு கட்டணத்தில் வீலிங் (அரசின் கம்பி வழியே மின்சாரத்தை வாங்குபவரிடம் கொண்டுபோவது), ஓராண்டு வரை பேங்கிங் (மிஞ்சியதைக் கணக்கில் வைத்துப் பிறகு எடுப்பது). கூட்டுவட்டிக் கணக்கில் 5 விழுக்காடு பத்து வருடத்தில் 3.66 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். ஆனால் 2005-ல் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2.80 என்றது. 2009 டிசம்பரில் 3.40. 2015-ல் 4.16. இந்த ஏற்ற இறக்கத்தில் எவனும் வங்கிக்குப் போய் நிம்மதியாகக் கடன் கேட்க முடியாது, ஆனாலும் கட்டினார்கள். ஏனென்றால் கட்டி முடித்தால் எரிபொருள் செலவு கிடையாது, கூலி குறைவு, இயந்திரம் நாற்பது வருடம் உழைக்கும். எனக்கு உறுத்துவது வேறு இடம். இந்த விலைகள் எல்லாமே வருடம் முழுதுக்கும் ஒரே விலை. ஆற்றில் வெள்ளம் புரண்டு, காற்றாலையும் சேர்ந்து ஓடி, மாநிலத்தில் மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் ஜூலை யூனிட்டுக்கும், ஊரே பம்புசெட்டும் ஏசியுமாகத் தவிக்கும் மார்ச் யூனிட்டுக்கும் ஒரே ரேட்.

பேங்கிங் என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெங்களூரு இந்தக் கதைக்குள் நேரடியாக வருவது இங்கேதான். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர், வயதில் என்னைவிட மூத்தவர், மினி ஹைடல் மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ சொல்லி என்னிடம் வந்தார். ஒப்பந்த நகலைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க தம்பி, தண்ணி ஓடுறது ஜூலைல. எனக்கு மெஷின் மார்ச்லயும் ஓடோணுமே, அதுக்கு என்ன வழிங்க?" எரிசக்திக் கருத்தரங்குகளில் கால் மணி நேரம் படம் போட்டுச் சொல்வதை மனுஷன் ஒரு மூச்சில் கேட்டுவிட்டார். வழி பேங்கிங்தான். ஜூலையில் மிச்சமாகும் யூனிட்டை மின் விநியோக நிறுவனத்தின் கணக்கில் போட்டு வைப்பது, மார்ச்சில் எடுத்துக்கொள்வது, அதற்கு 2 விழுக்காடு கட்டணம். ஆனால் மின்சாரம் நெல் இல்லை, குதிரில் கொட்டி வைக்க முடியாது. ஜூலையில் போட்ட யூனிட் ஜூலையிலேயே செலவாகிவிட்டது. மார்ச்சில் கொடுக்கப்படுவது வேறு யூனிட், பல சமயம் சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியது. வித்தியாசத்தை பெஸ்காம் மாதிரி விநியோக நிறுவனம் சுமக்கிறது. அது கடைசியில் இந்த ஊரில் மின்கட்டணம் கட்டும் எல்லோர் பில்லிலும் போய் உட்காரும், ராமமூர்த்தி நகரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் உட்பட.

எனவே ஆணையம் பல வருடமாக இதைச் சுருக்கப் பார்த்தது. 2022 ஜூனில் மத்திய அரசு பசுமை மின்சார ஓப்பன் ஆக்சஸ் (விநியோக நிறுவனத்தை விட்டு, அதன் கம்பி வழியாகவே உற்பத்தியாளரிடம் நேராக வாங்குவது) விதிகளைக் கொண்டுவந்து, முன்பு 1 மெகாவாட் தேவை உள்ளவர்களுக்கே திறந்திருந்த கதவை 100 கிலோவாட் வரை இறக்கியது. நல்ல காரியம், பீன்யா பட்டறைகளெல்லாம் அதில் வந்துவிடும். அதை ஒட்டிக் கர்நாடக ஆணையம் போட்ட ஒழுங்குமுறையில் பேங்கிங் ஆண்டுக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு மாறியது. சூரிய மின்சாரத்துக்கு மாதக் கணக்கு பரவாயில்லை. மழையை நம்பிய நிலையத்துக்கு மாதக் கணக்கு என்றால் பேங்கிங்கே இல்லை என்றுதான் பொருள். ஜூலையில் மிஞ்சியதை ஜூலைக்குள்ளேயே யார் எடுப்பது? சிறு புனல் உற்பத்தியாளர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் மத்திய விதிகளையும், அவற்றைப் பின்பற்றிப் போட்ட மாநில ஒழுங்குமுறைகளையும் சேர்த்தே ரத்து செய்தது. ஓப்பன் ஆக்சஸை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி மாநில ஆணையத்துடையது, அந்த இடத்தில் மத்திய அரசு விதி போட முடியாது என்பது சாரம். சட்டப்படி தீர்ப்பு சுவாரசியமானது. ஆனால் மார்ச் மாதத்து யூனிட்டுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலையும் இல்லை.

விநியோக நிறுவனம் சுமக்காவிட்டால், உற்பத்தியாளர் சுமக்காவிட்டால், மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலையில் சகலேஷ்பூர் பக்கம் போக வேண்டும்.

ஒரு பிப்ரவரியில் அந்தப் பக்கத்து நிலையம் ஒன்றின் தடுப்பணை மேல் நின்றேன், பெயர் வேண்டாம். அணைக்கு மேலே பச்சையாக ஒரு குளம் மாதிரி தண்ணீர் நின்றது. கீழே வெறும் பாறை, இடுக்குகளில் தேங்கிய நீரில் இலை அழுகிக் கிடந்தது. வாய்க்கால் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு, அதில் சேரும் சருகையும் கிளையையும் நீண்ட வாருகோலால் இழுத்துப் போடுவது ஆபரேட்டரின் வேலை. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க மணிக்கொரு முறை இதைச் செய்ய வேண்டும், விட்டால் வாய்க்காலுக்குத் தண்ணீர் குறைந்து இயந்திரம் டிரிப் ஆகிவிடும். ஆபரேட்டர் தங்கவயல்காரர். அவருடைய அப்பா சுரங்கத்தில் இருந்தவர், 2001-ல் மூடினபோது வீட்டுக்கு வந்தவர். "மழ பேஞ்சா நாங்க ராஜா சார். பிப்ரவரிக்கு மேல வெறும் வாட்ச்மேன்" என்றார். அணையின் அடியில் ஆற்றுக்கென்று விட்ட ஒரு குழாய் இருந்தது, உள்ளங்கை நுழையும் அகலம். அதன் வாயில் கோணிச்சாக்கு திணித்திருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "நம்ம கையில இல்ல சார், மேல சொன்னது" என்று சொல்லிவிட்டு மறுபடி சருகை வார ஆரம்பித்தார்.

அந்தக் கோணிச்சாக்கின் விலையைக் கணக்குப் போடலாம். வினாடிக்கு 100 லிட்டர் ஆற்றுக்கு விட வேண்டும், இறக்கம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 80 கிலோவாட். நாளுக்கு 1,900 யூனிட்டுக்கு மேல். யூனிட் 3.40 என்றால் நாளொன்றுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், மாதம் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். வருமானம் அடியோடு வற்றுகிற மாதங்களில் இரண்டு லட்சம். பழைய சாக்கு ஒன்று அதைக் காப்பாற்றிக் கொடுக்கும் என்றால், பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்றால், சாக்கு அங்கே இருக்கத்தான் செய்யும். இதில் யாரையும் அரக்கனாக்கத் தேவையில்லை.

வாய்க்கால் எடுக்கும் இடத்துக்கும் தண்ணீர் திரும்பச் சேரும் இடத்துக்கும் நடுவில் உள்ள ஆறு, சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில், இப்படி வற்றிவிடுகிறது. நேத்ராவதிப் படுகையில் அணை உள்ள ஓடைகளையும் இல்லாத ஓடைகளையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், தண்ணீர் எடுக்கப்பட்ட பகுதிகளில் நீர் ஆழம் குறைந்து, சூடேறி, மீன் கூட்டத்தின் சேர்மானமே மாறியிருந்தது. சிசிலாவில் கபிலா ஆற்றங்கரைக் கோயிலில் பெரிய பெரிய மஹ்சீர் மீன்களுக்குப் பொரி போடுவார்கள், குக்கே சுப்ரமணியாவுக்குப் போகும் நம் ஆட்களும் எட்டிப் பார்த்துவிட்டு வருவதுண்டு. நேத்ராவதியோடு சேரும் ஆறுகளில் அதுவும் ஒன்று. கோயில் துறையில் மீனுக்குக் காவல் உண்டு. மேலேயும் கீழேயும் ஆறு துண்டுபட்டால் காவல் மட்டும் போதாது. சில நிலையங்கள் கோடையில் இன்னொன்றும் செய்யும்: சில மணி நேரம் தண்ணீரைத் தேக்கி, சேர்ந்ததும் ஒரு மணி நேரம் இயந்திரத்தை ஓட்டி, மறுபடி நிறுத்தும். குறைந்த நீரில் பிரான்சிஸ் டர்பைன் திறம்பட ஓடாது, அதனால் இப்படி. கீழே துவைக்க இறங்கியவர்களுக்கு வெறும் பாறையில் திடீரென்று தண்ணீர் வரும்.

ஒரு நிலையத்தைத் தனியாகப் பார்த்தால் சிறிய சேதம்தான். ஆனால் ஒரே ஆற்றில் வரிசையாக ஏழெட்டு வந்தால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை, 25-க்குக் கீழே உள்ளதற்கு மதிப்பீடே கிடையாதே. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-ல் கொடுத்த அறிக்கையில் இதற்கு வேறு அளவுகோல் ஒன்று இருந்தது: மிகவும் கூருணர்வான முதல் மண்டலத்தில் தடுப்பணை 3 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும், மின்சாரம் அந்தப் பகுதி மக்களின் தேவைக்காக இருக்க வேண்டும், கிராம சபை சம்மதிக்க வேண்டும். மெகாவாட்டை விட்டுவிட்டு உயரத்தையும் பயனாளியையும் அளப்பது. அறிக்கை முழுவதையும் ஒப்புக்கொள்ளாதவர்கள்கூட இந்த ஒரு பத்தியை எடுத்திருக்கலாம், யாரும் எடுக்கவில்லை.

ஆற்றுக்கு விட வேண்டிய குறைந்தபட்ச நீர் பற்றி விதி இல்லாமல் இல்லை. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், வறட்சிக் கால சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 விழுக்காட்டை எல்லா ஆறுகளிலும் விட வேண்டும் என்றது. 2018 அக்டோபரில் கங்கைக்கு மட்டும் மத்திய அரசு தனி அறிவிக்கை போட்டது, மேல் கங்கையில் குளிர்காலத்தில் 20, இடைப்பட்ட மாதங்களில் 25, மழைக்காலத்தில் 30 விழுக்காடு. அதிலேயும் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றாத மினி, மைக்ரோ திட்டங்களுக்கு விலக்கு. மறுபடி அதே வழுக்கல்: மாற்றுகிறதா இல்லையா என்று அளந்து பார்ப்பவர் யார்?

2019 மார்ச்சில் பெரிய புனல் திட்டங்களும் புதுப்பிக்கத்தக்கவை என்று ஆனதோடு 25 மெகாவாட் கோட்டின் பாதி அர்த்தம் போய்விட்டது. மானியமும் சுற்றுச்சூழல் விலக்கும் மட்டும் அந்தக் கோட்டில் தொங்குகின்றன. 2023 அக்டோபரில் அறிவித்த புதுப்பிக்கத்தக்க கொள்முதல் கடமையில் (விநியோக நிறுவனங்கள் கட்டாயம் வாங்க வேண்டிய பங்கு, 2029-30-ல் மொத்தம் 43.33 விழுக்காடு) புனலுக்கென்று ஒதுக்கிய பங்கை 2024 மார்ச் 31-க்குப் பிறகு ஓடத் தொடங்கிய நிலையங்களின் மின்சாரத்தால்தான் நிரப்ப வேண்டும். புதிதாகக் கட்டு என்கிறது கொள்கை. இருக்கிற பழைய நிலையத்தில் டர்பைனை மாற்றி, குறைந்த நீரிலும் ஓடும்படி செய், அதற்குப் பணம் தருகிறேன் என்று சொல்லவில்லை. எனக்குப் பிடிபடாத முன்னுரிமை.

சூரிய மின்சாரம் வந்தபின் நிலைமை இன்னும் சிக்கல். கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்காவில் 2,050 மெகாவாட், நாட்டில் ஏலங்களில் யூனிட் 2.44-க்கு வந்தது 2017-லேயே. 4.16-க்கு மினி ஹைடல் எதற்கு என்று விநியோக நிறுவனம் கேட்பதில் தப்பில்லை. பதில் ஒன்று உண்டு: சாயங்காலம் ஏழு மணிக்குச் சூரியன் இல்லை, தொட்டியில் சில மணி நேரத் தண்ணீர் இருக்கும். ஆனால் அப்படிச் சாயங்காலத்துக்காகத் தேக்கி விடுவதுதான் மேலே சொன்ன திடீர்த் தண்ணீர். மலை ஓடையில் அதைச் செய்யக்கூடாது. கால்வாயில் தாராளமாகச் செய்யலாம்.

அதனால்தான் எனக்குக் கால்வாய் நிலையங்கள் மேல் ஒரு சாய்வு. பாசனக் கால்வாய்களில் தண்ணீரின் வேகத்தைக் குறைக்க இடையிடையே படி வைத்திருப்பார்கள், அந்த இறக்கத்தில் ஆற்றல் சும்மா நுரைத்துப் போகிறது. அங்கே டர்பைன் வைத்தால் புதிதாக எந்த ஆறும் வற்றாது. நம் பக்கத்தில் கீழ்பவானியில் இருக்கிறது, இங்கே கிருஷ்ணா, துங்கபத்ரா கால்வாய்களில் இருக்கின்றன. பயிருக்குத் தண்ணீர் விடும் நாள்களில்தான் ஓடும், அது குறைதான். ஆனால் அந்த நாள்களை முன்கூட்டியே சொல்ல முடியும்.

உரிமை யாருடையது என்பதும் முக்கியம். பாலக்காட்டில் மீன்வல்லம் என்று 3 மெகாவாட் நிலையம் ஒன்று, 2014-லிருந்து ஓடுகிறது. கட்டியது மாவட்டப் பஞ்சாயத்து தொடங்கிய நிறுவனம், மின்சாரம் கேரள மின்வாரியத்துக்கு. சேஷாத்ரி ஐயரின் சொந்த மாவட்டம்! கோடையில் அதுவும் திணறும், மழை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆறு வற்றினால் கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது, அந்த முகவரி தேர்தலில் நிற்கிறது. சகலேஷ்பூர் கிராமத்தார் யாரிடம் கேட்பார்கள்?

விலை விஷயத்தில் பக்கத்து நாட்டில் ஒரு முன்மாதிரி கிடக்கிறது, இங்கே யாரும் பேசுவதில்லை. இலங்கையில் 1990-களின் பிற்பாதியில் 10 மெகாவாட்டுக்குக் கீழ்ப்பட்ட நிலையங்களுக்கு ஒரே மாதிரியான நிலையான ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். பேரம் கிடையாது, வந்தவருக்கெல்லாம் ஒரே காகிதம். அதில் வறண்ட பருவத்துக்கு ஒரு விலை, மழைப் பருவத்துக்கு ஒரு விலை, வறண்டதற்குக் கூடுதல். வாரியம் வேறு வழியில் உற்பத்தி செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவை வைத்து அந்த விலை. தேயிலைத் தோட்டங்களில் துருப்பிடித்துக் கிடந்த பழைய இயந்திரங்கள்கூட மறுபடி ஓடின. எண்ணெய் விலையோடு அந்த விலையும் ஆடியதால் வங்கிகள் பயந்தன, 2007-ல் தொழில்நுட்பச் செலவை வைத்த விலைக்கு மாறினார்கள். பருவ விலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வறண்ட மாதத்து யூனிட்டுக்கு அதிகம் கொடுத்தால் கோணிச்சாக்கை இன்னும் இறுக்கித் திணிப்பார்கள். அதனால் பருவ விலை வேண்டுமானால் ஆற்றுக்கு விடும் நீரை அளக்கும் ஏற்பாடு அதே ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும், தனித்தனியாகக் கொண்டுவந்தால் இரண்டும் கெடும்.

நேபாளத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. அங்கே மலைக் கிராமங்கள் தாங்களே மைக்ரோ ஹைட்ரோ கட்டிக்கொண்டன, 1996-லிருந்து அதற்கென்று அரசு அமைப்பே உண்டு. பெரிய கம்பி ஊருக்குள் வந்ததும் பல நிலையங்கள் கைவிடப்பட்டன. 2018-ல்தான் 23 கிலோவாட் நிலையம் ஒன்றை முதல்முறையாகத் தேசியக் கட்டமைப்போடு இணைத்தார்கள். கட்டமைப்பு வந்தபின் சிறு நிலையம் என்ன ஆகும் என்பதை முதல் நாளே எழுதி வைக்காததன் விலை அது.

கர்நாடகத்தில் இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2000-களில் கையெழுத்தான 20 ஆண்டு ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக முடிகின்றன. கடன் தீர்ந்துவிட்டது, நிலையம் நிற்கிறது, உரிமையாளர் ஒன்று பழைய விலைக்குக் கீழே விநியோக நிறுவனத்துக்கு விற்க வேண்டும், அல்லது ஓப்பன் ஆக்சஸில் பெங்களூருத் தொழிற்சாலைகளுக்கு வர வேண்டும். இரண்டுக்கும் அனுமதிக் காகிதம் தேவை, காகிதத்தில் நிபந்தனை எழுத இதைவிட நல்ல நேரம் வராது. நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை: மழை மாத யூனிட்டுக்குக் குறைந்த விலை, டிசம்பர் முதல் மே வரை கூடுதல் விலை. பேங்கிங் வேண்டும் என்பவருக்கு ஆண்டுக் கணக்கே கொடுங்கள், ஆனால் 2 விழுக்காடு கட்டணத்தில் வேண்டாம், மார்ச்சில் சந்தையில் உள்ள வித்தியாசத்தை அவரே கட்டட்டும். தடுப்பணைக்குக் கீழே ஒரு நீர்மட்ட அளவி, அதன் எண் மின்சார மீட்டரின் எண்ணோடு சேர்ந்தே விநியோக நிறுவனத்துக்குப் போக வேண்டும், ஆற்றுக்குத் தண்ணீர் விடாத மணி நேரத்தில் உற்பத்தியான யூனிட்டுக்குப் பணம் கிடையாது. கருவி புதிதல்ல, ஆணையத்துக்குத் தேவை ஒரு வரி.

கட்டண மனுக்களை முடிவு செய்வதற்கு முன் பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்பது மின்சாரச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு. ஆணையத்தின் அலுவலகம் வசந்த் நகரில் இருக்கிறது. விசாரணைகளில் உற்பத்தியாளர்களின் வழக்கறிஞர்கள் இருப்பார்கள், விநியோக நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இருப்பார்கள், தொழிலதிபர்களின் கூட்டமைப்புகள் சில சமயம் வரும். குழாயின் வாயில் சாக்கு இருக்கிறது என்று படத்தோடு மனு போட ஒருவர் போதும்.